கிளாஸ்கோ அளவும் சென்னை இடுப்பும்

(மருத்துவப் பொதுச் சொற்பொழிவு ஒன்றின் எழுத்து வடிவம்)



ஆணின் இடுப்புச் சுற்றளவு 102 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பெண்ணுக்கு 88-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் சர்க்கரை நோயும் மாரடைப்பும் நெருங்கி வருகின்றன என்று பொருள். அங்குலக் கணக்கில் 40, 35. என் தலைமுறை மருத்துவர்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்த எண்கள் இவை. 2001-ல் அமெரிக்காவின் கொலஸ்ட்ரால் நிபுணர் குழு இவற்றைத் தன் நெறிமுறையில் சேர்த்தது. அங்கிருந்து பாடப்புத்தகங்களுக்கும் மருத்துவமனைச் சுவர்களுக்கும் போய் ஒட்டிக்கொண்டன. இந்த எண்களை யார், எந்த ஊரில், யாருடைய இடுப்பில் அளந்து எடுத்தார்கள் என்று வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை. இன்று அதைக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

அளந்த இடம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். 1995-ல் மைக் லீனும் அவருடைய இரண்டு சக ஆய்வாளர்களும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நகரின் வடபகுதியில் வசித்த சுமார் 900 ஆண்களையும் 1,000 பெண்களையும் அளந்திருந்தார்கள். அவர்களில் யாருக்குப் பிற்பாடு சர்க்கரை வந்தது என்று பல ஆண்டுகள் காத்திருந்து பார்த்துக் கண்டறிந்த எண்கள் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பிஎம்ஐ கணக்கு அப்போதே புழக்கத்தில் இருந்தது. 25-ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 30-ஐத் தாண்டினால் உடற்பருமன். வீட்டில் யாரும் வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒரு நாடாவை வைத்தே இதைச் சொல்லிவிட முடியுமா என்பதுதான் லீன் குழுவின் கேள்வி. அந்த ஊர் மக்களில் பிஎம்ஐ 25-க்கு ஈடான இடுப்பளவு ஆணுக்கு 94, பெண்ணுக்கு 80. பிஎம்ஐ 30-க்கு ஈடானது 102, 88.

ஆக, 102 என்பது ஒரு ஸ்காட்லாந்துக்காரரின் பிஎம்ஐ 30-ஐ நாடாவில் படித்தால் கிடைக்கும் எண். பிஎம்ஐ எல்லைகளோ பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி மக்களின் நோய், மரணக் கணக்குகளிலிருந்து வந்தவை. லீன் குழு செய்த வேலையில் எனக்குக் குறை ஏதும் தெரியவில்லை. தங்கள் ஊர் மக்களுக்கு எளிய வழி ஒன்றைத் தேடினார்கள், கண்டுபிடித்தார்கள். அதை எடுத்துக்கொண்டுபோய் உலகத்தின் இடுப்பிலெல்லாம் கட்டியவர்கள் வேறு ஆட்கள்.

நாடாவை ஏன் இடுப்பில் வைக்கிறோம்? கழுத்தை அளந்தால் என்ன, தொடையை அளந்தால் என்ன? இதற்கான விடை 1947-ல் பிரான்ஸின் மார்செய் நகரிலிருந்து வந்தது. ழான் வாக் என்ற மருத்துவர், பருமனானவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி நோயாளி ஆவதில்லை என்பதைக் கவனித்தார். வயிற்றிலும் மேலுடம்பிலும் சதை போட்டவர்களுக்குச் சர்க்கரையும் ரத்தக்குழாய் நோயும் அதிகம் வந்தன. இடுப்புக்குக் கீழே, தொடையிலும் பிட்டத்திலும் போட்டவர்கள் அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை. உலகம் இதை ஏறக்குறைய 40 ஆண்டுகள் கண்டுகொள்ளவில்லை. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் 1913-ல் பிறந்த ஆண்கள் 792 பேரைப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 1980-களின் நடுவில் அதையே உறுதிப்படுத்திய பிறகுதான் மருத்துவர்கள் நாடாவைக் கையில் எடுத்தார்கள்.

வயிற்றுக் கொழுப்பிலும் இரண்டு வகை உண்டு. தோலுக்கு அடியில் இருப்பது, விரலால் கிள்ளிப் பிடிக்கக்கூடியது. மற்றது வயிற்றறைக்குள், குடலைச் சுற்றி, ஈரலை ஒட்டிக் கிடப்பது. நாடா இரண்டையும் சேர்த்தே அளக்கிறது. ஆனால் தீங்கில் இரண்டும் சமம் அல்ல. 2004-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். பருமனான பெண்கள் 15 பேருக்கு அறுவை சிகிச்சையில் வயிற்றுத் தோலடிக் கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள், ஆளுக்குச் சுமார் 10 கிலோ. இடுப்பு சட்டென்று இளைத்தது. சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் இன்சுலின் வேலை செய்யும் திறனில் எந்த முன்னேற்றமும் இல்லை. அழகு நிலைய விளம்பரங்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு சாட்சியம் இருக்கிறது. பிறவியிலேயே தோலடிக் கொழுப்பு இல்லாத அபூர்வ நோயாளிகள் உண்டு. ஒட்டிய கன்னமும் நரம்பு தெரியும் கைகளுமாக இருப்பார்கள். இவர்களுக்குச் சர்க்கரை நோய் வரவே வராது என்றுதான் தோன்றும். ஆனால் மிகக் கடுமையான சர்க்கரை நோய் இவர்களுக்குத்தான் வருகிறது. குதிரில் இடம் இருக்கும்வரை நெல்லால் தொல்லை இல்லை. குதிர் சிறியது, விளைச்சலோ அதிகம் என்றால் மூட்டை கூடத்துக்கு வரும், அடுப்படிக்கு வரும், நடக்க வழி இராது. தோலடிக் கொழுப்புதான் உடம்பின் குதிர். அது கொள்ளாமல் வழிவது ஈரலிலும் கணையத்திலும் தசையிலும் போய்ப் படிகிறது. ஈரலில் படிந்தால் இன்சுலினின் சொல்லை ஈரல் கேட்பதில்லை. வேண்டாத நேரத்திலும் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கணையத்தில் படிந்தால் இன்சுலின் சுரப்பதே தளர்கிறது. பயோகிளிட்டசோன் என்ற மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் இந்த அரங்கிலும் இருக்கலாம். எடையைச் சற்றுக் கூட்டும், சர்க்கரையைக் குறைக்கும் விசித்திர மருந்து அது. கொழுப்பை அதற்குரிய இடத்தில் சேர வைப்பதே அதன் வேலை.

இப்போது கிளாஸ்கோவுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் புரிந்திருக்கும். அவர்களுடைய குதிர் பெரியது.

லண்டனின் மேற்கில் சவுத்தால் என்ற பகுதி. பஞ்சாபிகளும் குஜராத்திகளும் நெருக்கமாக வாழும் இடம். அங்கும் அக்கம்பக்கத்திலும் தெற்காசியரையும் ஐரோப்பியரையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 1991-ல் வெளிவந்தது. இருதரப்பின் பிஎம்ஐயும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தெற்காசியருக்கு வயிறு கூடுதல், சர்க்கரை நோய் சுமார் நான்கு மடங்கு.

இதையே இரண்டே ஆட்களில் காட்டிய புகைப்படம் ஒன்று உண்டு. 2004-ல் லான்செட் இதழில் வந்தது. புனேயைச் சேர்ந்த யாக்னிக், லண்டனைச் சேர்ந்த யுட்கின், இரண்டு மருத்துவர்கள் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3, எந்த அட்டவணையிலும் இயல்பான எடை. உடலின் கொழுப்பு விகிதத்தை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. இந்த வித்தியாசம் நடுவயதில் தொடங்குவதும் அல்ல. யாக்னிக் குழு புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டது. நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5. தசையும் உள்ளுறுப்புகளும் நம் குழந்தைகளுக்குச் சிறுத்திருந்தன; தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பிறக்கும்போதே கொழுப்பைக் காப்பாற்றித் தசையை விட்டுக்கொடுத்திருக்கிறது அந்த உடம்பு. தாயின் ஊட்டம், பல தலைமுறைப் பஞ்சம், மரபணு என்று காரணங்களை அடுக்குகிறார்கள். எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை.

சிங்கப்பூர் இன்னும் சுவாரசியம். ஒரே சிறு தீவில், ஒரே அரசு மருத்துவ அமைப்பின் கீழ் மூன்று இனத்தவர் வாழ்கிறார்கள். அங்குள்ள இந்தியரில் பெரும்பான்மை நம்மவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். 2010 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் பிஎம்ஐ 30-ஐத் தாண்டியவர்கள் மலாய்க்காரரில் 24 சதவீதம், இந்தியரில் 16.9, சீனரில் 7.9. உடற்பருமன்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் சர்க்கரை நோயில் மலாய்க்காரர்கள் வெகு முன்னால் நிற்க வேண்டும். ஆனால் சர்க்கரை நோயாளிகள் மலாய்க்காரரில் 16.6 சதவீதம், இந்தியரில் 17.2. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவான பருமனோடு நாம் அவர்களைப் பிடித்துவிட்டோம்.

ஆப்பிரிக்க வம்சாவளியினரின் கதை வேறு. அதே இடுப்பளவில் வெள்ளையரைவிட அவர்களுக்கு உள்ளறைக் கொழுப்பு குறைவாகவே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நட்டால் கிராமங்களில் எடுத்த ஆய்வு ஒன்று கறுப்பினப் பெண்களுக்குப் பொருத்தமான எல்லை 92, ஆண்களுக்கு 86 என்றது. பெண்ணின் எல்லை ஆணுடையதைவிடப் பெரிது! நம் வழக்கமான அட்டவணை தலைகீழாகிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாதல்லவா? 2005-ல் சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு இனவாரியாக எல்லைகளைப் பிரித்தது. ஐரோப்பிய ஆணுக்கு 94, தெற்காசிய ஆணுக்கும் சீன ஆணுக்கும் 90. ஆப்பிரிக்கருக்குப் போதிய தரவு கிடைக்கும்வரை ஐரோப்பியருடையதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றது. பெண்களுக்கு? ஐரோப்பியருக்கும் 80, தெற்காசியருக்கும் 80. ஆணின் உடம்பு ஐரோப்பாவுக்கும் தெற்காசியாவுக்கும் இடையே மாறுமாம், பெண்ணின் உடம்பு மாறாதாம்! குழுவாக உட்கார்ந்து எண் எழுதும்போது இப்படியெல்லாம் நடக்கும்.

அந்த 80 எவ்வளவு தளர்வானது என்பதை 2014-ல் வந்த ஓர் ஆய்வில் பார்க்கலாம். பிரிட்டனின் பயோபேங்க் திட்டத்தில் சேர்ந்த சுமார் 4.9 லட்சம் பேரின் கணக்கு. 88 செ.மீ. இடுப்புள்ள வெள்ளைக்காரப் பெண்களிடம் சர்க்கரை நோய் எவ்வளவு இருந்ததோ, அதே அளவு தெற்காசியப் பெண்களிடம் 70 செ.மீ.யிலேயே இருந்தது. ஆண்களில் 102-க்கு ஈடாக நமக்கு 79. முன்வரிசையில் சிலர் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வது தெரிகிறது. பயப்பட வேண்டாம். 79-ஐத் தாண்டினால் நோய் வந்துவிடும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஒப்பீடு மட்டுமே செய்தது. அதோடு, அங்கே குடியேறிப் பிரிட்டிஷ் வாழ்க்கைக்கு மாறியவர்களின் கணக்கு அது.

நம் ஊரில் அளந்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? 2000-ல் ஆறு பெருநகரங்களில் நடந்த தேசிய ஆய்வின் தரவிலிருந்து ஸ்நேகலதா, விஸ்வநாதன், ராமச்சந்திரன் மூவரும் 2003-ல் சென்னையிலிருந்து எழுதினார்கள்: ஆணுக்கு 85, பெண்ணுக்கு 80. சென்னை நகரில் 26,001 பேரைக் கொண்டு தொடங்கிய கியூர்ஸ் ஆய்விலிருந்து மோகன் குழு 2007-ல் சொன்னது 87, 82. டெல்லி மருத்துவர் அனூப் மிஸ்ரா தலைமையிலான நிபுணர்கள் 2009-ல் வெளியிட்ட ஒருமித்த கருத்தில் இரண்டு படிகளாகப் பிரித்தார்கள். ஆண் 78-லும் பெண் 72-லும் விழித்துக்கொள்ள வேண்டும். 90-லும் 80-லும் மருத்துவரிடம் போக வேண்டும். எனக்கு இந்த இரண்டு படி யோசனைதான் பிடித்திருக்கிறது. ஒற்றைக் கோடு போட்டால் 89-ல் இருக்கும் ஆண் நிம்மதியாகத் தூங்குவார்.

கோடு என்றதும் ஜப்பான் நினைவுக்கு வருகிறது. இடுப்பளவைச் சட்டத்திலேயே எழுதிய நாடு அது. 2008 ஏப்ரல் முதல் 40-லிருந்து 74 வயதுவரை உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை; ஆணுக்கு 85, பெண்ணுக்கு 90 எல்லை. தாண்டியவர்களில் மற்ற ஆபத்துக் காரணிகளும் இருப்பவர்களுக்கு உணவு, உடற்பயிற்சி ஆலோசனை. தனி மனிதருக்கு அபராதம் கிடையாது; இலக்கை எட்டாத காப்பீட்டு அமைப்புகளுக்குத்தான் சுமை. ‘மெட்டபாலிக் சிண்ட்ரோம்’ என்பதன் சுருக்கமான ‘மெட்டபோ’ அங்கே கேலிச் சொல்லாகவே ஆகிவிட்டது. பெண்ணுக்கு ஏன் 90? சி.டி. ஸ்கேனில் தொப்புள் மட்டத்தில் உள்ளறைக் கொழுப்பின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டரைத் தொடும்போது இடுப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். பெண்களுக்குத் தோலடிக் கொழுப்பு அதிகம் என்பதால் அந்தப் பரப்பை எட்டும்போது வெளிச்சுற்று பெரிதாகவே இருந்தது. தர்க்கம் சரிதான். ஆனால் சர்க்கரை நோயைக் கண்டுபிடிக்க இந்த 90 உதவாது என்று ஜப்பானிய ஆய்வாளர்களே பலர் எழுதிவிட்டார்கள்.

கோடு போட்டதில் ஆராய்ச்சிக்கு ஒரு நன்மை கிடைத்தது. 84.5 உள்ளவருக்கும் 85.5 உள்ளவருக்கும் உடம்பில் வித்தியாசம் எதுவும் கிடையாது. ஒருவரை ஆலோசனைக்குக் கூப்பிடுகிறார்கள், மற்றவரைக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். சுமார் 75,000 ஆண்களின் பதிவுகளில் கோட்டின் இருபுறத்தையும் ஒப்பிட்டு 2020-ல் ஒரு குழு கட்டுரை வெளியிட்டது. ஓராண்டுக்குப் பின் எடை குறைந்தது 0.29 கிலோ. இடுப்பு குறைந்தது சுமார் மூன்றரை மில்லிமீட்டர். ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் கொலஸ்ட்ராலிலும் மாற்றமே இல்லை. ஒரு நாட்டையே அளந்து, கோட்டைத் தாண்டியவர்களைக் கூப்பிட்டு நல்வார்த்தை சொன்னதால் கிடைத்தது அவ்வளவுதான். அளப்பது எளிது, அளந்த பிறகு என்ன தருகிறோம் என்பதில்தான் அரசுகள் தடுமாறுகின்றன.

நம் நாட்டில் ஆஷா பணியாளர்கள் வீடு வீடாகக் கொண்டுவரும் படிவத்தில் 30 வயது தாண்டியவர்களின் இடுப்பளவைக் கேட்கும் கேள்வி உண்டு. பெண்ணுக்கு 80 வரை, ஆணுக்கு 90 வரை பூஜ்யம் மதிப்பெண். அடுத்த 10 செ.மீ.க்கு 1, அதற்கு மேல் 2. சென்னையில் 2005-ல் உருவான இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண் இன்னும் நுட்பமானது. மொத்தம் நூறு. இடுப்புக்கு அதிகபட்சம் 20, வயதுக்கு 30, உடலுழைப்பு இல்லாமைக்கு 30, அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை இருந்தால் 20. அறுபதைத் தொட்டால் ரத்தப் பரிசோதனை அவசியம். இதை நான் விரும்புவதற்குக் காரணம், இடுப்பு இங்கே தனியாகத் தீர்ப்பு எழுதுவதில்லை. நான்கு சாட்சிகளில் ஒன்றாக நிற்கிறது. 88 செ.மீ. இடுப்புள்ள இரண்டு பேரில் ஒருவர் 28 வயது லோடுமேன், மற்றவர் 52 வயதில் நாற்காலியே கதியாக இருக்கும் எழுத்தர், தாய் தந்தை இருவருக்கும் சர்க்கரை. நாடா இருவரையும் ஒன்றாகத்தான் பார்க்கும்.

எங்கே அளப்பது என்று கேட்பீர்கள். கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, பக்கவாட்டில் தொட்டுப் பார்த்து, சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில் அளக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்கர்கள் இடுப்பெலும்பின் விளிம்பிலேயே வைக்கிறார்கள், ஜப்பானியர் தொப்புளில். இடம் மாறினால் எண்ணும் மாறும், பெண்களுக்குக் கூடுதலாகவே. ஒரு நாட்டு எல்லையை வைத்துக்கொண்டு வேறு நாட்டு முறையில் அளக்கும் கூத்து நம் முகாம்களில் தினமும் நடக்கிறது. சேலைக் கொசுவத்தின் மேலேயே டேப்பைச் சுற்றுவதையும் பார்த்திருக்கிறேன். ஆண்களிடம் கேட்டால் “34 சைஸ் சார், காலேஜிலிருந்தே அதுதான்” என்பார்கள். உண்மைதான். பேண்ட் தொப்பைக்குக் கீழே இறங்கிவிட்டது, சைஸ் மாறவில்லை. அரைஞாண் கயிறு கட்டுகிறவர்களும் அப்படித்தான். கயிறு இறங்கிக்கொண்டே போகும்.

இந்தக் குழப்பத்திலிருந்து ஓரளவு தப்பிக்க ஒரு வழி உண்டு. பிரிட்டனின் ஊட்டச்சத்து ஆய்வாளர் மார்கரெட் ஆஷ்வெல் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வந்தது. 2022-ல் அந்நாட்டின் மருத்துவ நெறிமுறை நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. இடுப்பு, உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். தெற்காசியர் என்ற ஒரே பெட்டிக்குள் ஆறடிப் பஞ்சாபியையும் ஐந்தேகாலடித் தமிழரையும் போட்டு இருவருக்கும் 90 என்பது நியாயமில்லை என்று எனக்கு எப்போதும் தோன்றும். பாதிக் கணக்கில் 180 செ.மீ. உயரக்காரருக்கு 90 வருகிறது, 165 செ.மீ. உயரக்காரருக்கு 82.5. சென்னை ஆய்வுகளின் எண்களுக்கு இது எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள். 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 75. டேப்கூட வேண்டாம். உச்சி முதல் பாதம் வரை ஒரு நூலை அளந்து, பாதியாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள். நுனிகள் தொட்டால் நல்லது. தொடாவிட்டால் சர்க்கரைப் பரிசோதனைக்கு நாள் குறியுங்கள். இனத்துக்கு இனம் உள்ள வித்தியாசத்தை இதுவும் முழுக்கத் தீர்க்கவில்லை. ஆனால் உயரத்தால் வரும் அநியாயத்தையாவது நீக்குகிறது.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (INDIAB) ஆய்வு நாட்டில் 10.1 கோடி சர்க்கரை நோயாளிகள் இருப்பதாக மதிப்பிட்டது. பிஎம்ஐ கணக்கில் பருமனானவர்கள் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5. எடை இயந்திரம் நல்லவர் என்று அனுப்பிவைத்த பலரை நாடா பிடித்து நிறுத்துகிறது என்பது இதிலிருந்தே தெரியும்.

நாடாவும் தவறவிடும் ஆட்கள் உண்டு. அவர்களைச் சொல்லாமல் முடித்தால் இந்த உரை பாதிதான். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஒருவகை நோயாளிகள்: இளவயது, ஒட்டிய வயிறு, சிறு வயதில் சரியான சாப்பாடு இல்லாமல் வளர்ந்த உடம்பு. ஈரலில் கொழுப்பு குறைவு, இன்சுலினுக்கு எதிர்ப்பும் குறைவு. இன்சுலின் சுரப்பதில்தான் குறை. 2022-ல் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து இது தனி வகை என்று வேலூர் குழு நிறுவியது. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு இதற்கு ஐந்தாம் வகை நீரிழிவு என்று பெயர் சூட்டியது. இவர்களை வழக்கமான இரண்டாம் வகை என்று நினைத்து ‘எடையைக் குறை’ என்று அறிவுரை சொன்னால் அது பெரும் தீங்கு. ஆஷா படிவத்தில் இவர்களுக்கு இடுப்புக்கான மதிப்பெண் பூஜ்யம். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடை இழப்பு என்று ஒருவர் வந்தால், இடுப்பு எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் அன்றைக்கே ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் கட்டணம் இல்லை.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.